கூடுதலாக ஏழு நிமிஷம்

"முப்பது."

எதிர் பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்ததும் அம்சாவின் பென்சில் நின்றுவிட்டது. நிமிர்ந்தாள். சட்டைத் தோளெல்லாம் மல்லாட்டைத் தூசி, வேர்க்கடலைத் தோலின் செந்தூள்... நெற்றியில் ஒட்டிக்கொண்ட ஈரமுடி... அவள் மடியிலிருந்த தாளைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்த இரண்டு கண்கள். அந்தக் கண்களுக்கு வெட்கமே இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. அவை ரொம்பக் களைத்த கண்கள் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது.

"நான் உங்கள கேட்டனா?" என்றாள் அம்சா.

"கேக்கல. ஆனா நீங்க இருபதுன்னு எழுதிட்டீங்க. எரநூறு மீட்டர் ரயிலு, நூறு மீட்டர் பிளாட்பாரம், மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம். தாண்டறதுக்கு முப்பது செகண்டு ஆவும். நீங்க ரயில மட்டும் கணக்குல வெச்சிக்கினு பிளாட்பாரத்த வுட்டுட்டீங்க."

"வுட்டா வுட்டுட்டுப் போறேன். உங்களுக்கு இன்னா வந்தது?"

"எனக்கு ஒண்ணும் வர்ல. பிளாட்பாரமே இல்லாத ஊர்ல எறங்கப் போறீங்களோன்னு பாத்தேன்."

அவள் முறைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே மழை சாய்ந்து பெய்தது. ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். என்ன திமிர்... இருபதை அடித்துவிட்டு முப்பது என்று எழுதும்போது அவளுக்குக் காது சூடானது.

அது 1963 அக்டோபர். விழுப்புரத்திலிருந்து சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குப் புறப்படும் பாசஞ்சர் வண்டி. அம்சா விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில், பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாக வேலை பார்த்தாள். வீடு திண்டிவனத்தில். தினமும் லேடீஸ் பெட்டியில்தான் போவாள். அன்றைக்கு மழையில் ஓடிவந்து, கைக்குக் கிடைத்த பெட்டியில் ஏறிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது... ஆனால் மறுநாள் மழை இல்லை. லேடீஸ் பெட்டி காலியாகத்தான் கிடந்தது. அப்புறம் ஏன் அதே பெட்டியைத் தேடி ஏறினாள் என்று கேட்டால், அவள் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தாள்.

லேடீஸ் பெட்டியில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வருவாள். உட்கார்ந்ததும், "அம்சா, எப்பம்மா கல்யாண சாப்பாடு?" என்று ஆரம்பிப்பாள். அந்தப் பேச்சில் கணக்குப் போட முடியுமா?

கணக்கு அவளுக்கு அப்படி முக்கியம். மெட்ராஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கப் போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. டிசம்பர் இரண்டாவது ஞாயிறு பரீட்சை. கட்டுரை கிடையாது, இலக்கணம் கிடையாது. நூறு கணக்கு, நாற்பது நிமிஷம். வயது இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. அம்சாவுக்கு ஜனவரியில் இருபத்தைந்து முடிகிறது. அம்மா அப்பா இல்லை. அண்ணன் சீனுவாசன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கெட்டவனில்லை. ஆனால் அண்ணி கோவிந்தம்மாள் கண்டமங்கலத்தில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தாள். மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள், வயது முப்பத்தெட்டு. இந்தப் பரீட்சை ஒன்றுதான் அம்சாவுக்கும் கண்டமங்கலத்துக்கும் நடுவில் நின்றது.

"திரும்பவும் இதே பொட்டிதானா?" என்றான் அவன்.

"ரயிலு உங்களுதா?"

"இல்ல. நான் ரயில்ல போறவன்தான்." அவன் கண் தன் தாள் மேல் போவதைக் கண்டு அவள் பரீட்சை அட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "மறைக்காதீங்க. எனக்குத் தெரியாத பரீட்சை இல்ல அது. மூணு வாட்டி எழுதியிருக்கிறேன்."

"மூணு வாட்டியுமா..."

"போயிடுச்சி. கடேசி வாட்டி ரெண்டே மார்க்குல. இப்ப வயசும் போயிடுச்சி." வருத்தமில்லாதவன் மாதிரிதான் சொன்னான். "கணக்கு எல்லாருக்கும்தான் தெரியுதுங்க. நேரந்தான் வுடாது. உங்ககிட்ட வாட்ச் இருக்குதா?"

இல்லை. ஸ்டேஷன்களை வைத்து நேரம் பார்க்கலாமென்றால் இந்த பாசஞ்சர் அதற்கும் உதவாது. எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கால் மணி நேரம் நின்றுவிடும். அவன் கையில் வாட்ச் இருந்தது. அவனே நேரம் பார்த்துச் சொல்வதாகச் சொன்னான். அவள் யோசித்தாள்... ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கவில்லை.

அவன் பெயர் பாண்டுரங்கன். பி.ஏ. படித்துவிட்டு விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் மூட்டை எடை குறித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வீடு திண்டிவனத்தில்தான். அங்கே யாரும் இல்லை. அம்மா லட்சுமியம்மாள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"அப்ப விழுப்புரத்துலயே ஒரு ரூம் எடுத்துக்கினு இருக்கலாமே? தினம் எதுக்கு இவ்ளோ தூரம்?"

"அம்மா இருந்த வூடு. வெளக்கு ஏத்தாம போட்டுவெக்க மனசு வர்ல."

விளக்கு ஏற்றி, ஒருவனாகச் சோறு பொங்கி, ஒருவனாகத் தின்று... வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தானும் அப்படித்தானே சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணி பரிமாறும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஒரு ஒழுங்கு தானாக அமைந்தது. வண்டி விழுப்புரத்தை விட்டதும் அவன், "ஆரம்பிங்க" என்பான். அவள் குனிவாள். முண்டியம்பாக்கம் போகும், விக்கிரவாண்டி போகும். நாற்பது நிமிஷம் முடிந்து அவன் "நேரம் ஆச்சுங்க" என்னும்போது, பெரும்பாலும் வண்டி பேரணி ஸ்டேஷனுக்குள் நுழையும். அவள் அட்டையை மூடிக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்திலேயே நடந்து, முன்னால் இருக்கும் லேடீஸ் பெட்டிக்கு மாறிவிடுவாள். மாறித்தான் ஆகவேண்டும். திண்டிவனம் ஸ்டேஷனில் சீனுவாசன் லேடீஸ் பெட்டி நிற்கிற இடத்தில்தான் காத்திருப்பான். வேறு பெட்டியிலிருந்து, அதுவும் ஒரு ஆம்பிளையோடு இறங்கினால்... அப்புறம் ஊர் முழுக்க அதே பேச்சு.

நாற்பது நிமிஷமும் அவள் குனிந்திருப்பாள், பேச முடியாது. பாண்டுரங்கன் என்ன செய்வான்? வாட்சைப் பார்ப்பான். அவளைப் பார்ப்பான். கணக்கு வராதபோது பென்சிலைக் கடிப்பாள்... வந்துவிட்டால் கண் இமைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். விழுப்புரம் மண்டியில் காலையிலிருந்து மூட்டைகளை மட்டுமே பார்த்த மனுஷனுக்கு, அந்த இமைகள் போதுமானதாக இருந்தன. முதல் வாரம் போதுமானதாக இருந்தன.

அவள் அறுபது போட்டாள். அறுபத்தைந்து போட்டாள். "ஒரு கணக்குலயே புடிவாதமா நிக்கறீங்க. வர்லன்னா ஒரு புள்ளி வெச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க" என்று அவன் சொல்லிப் பார்த்தான். "பாதியில வுட்டுட்டு போறது எனக்கு வராதுங்க" என்றாள். "எனக்கும் வர்ல. அதான் இப்ப மூட்ட எண்ணிக்கினு இருக்கிறேன்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். பேரணி வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு நின்ற இடத்தில்தான் அவனுக்கு வினை பிடித்தது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை. தூறல். வாட்சில் நாற்பது நிமிஷம் முடிந்தது. வண்டி பேரணியில் நின்றது. அவள் ஏதோ ஒரு சதவிகிதக் கணக்கில் மூழ்கி, கன்னத்தில் மழைத்துளி விழுந்ததுகூடத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தாள். 'நேரம் ஆச்சு' என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. இன்னும் ஒரு நிமிஷம்... இன்னும் ஒன்று... வண்டி கிளம்பிவிட்டது. நாற்பத்தேழாவது நிமிஷத்தில்தான் சொன்னான்.

"ஐயோ, பேரணி போயிடுச்சா?"

"வண்டி இன்னிக்கி ஜல்தியா வந்துடுச்சி போல. மயிலத்துல மாறிக்கலாம், உக்காருங்க."

அவள் எண்ணிப் பார்த்தாள். எண்பது. முகம் மலர்ந்துவிட்டது. மயிலம் வரும்வரை பேசினாள்... பள்ளியில் குறும்பு செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி, ஒலக்கூரில் தன் அத்தை வீட்டுக் கிணற்றைப் பற்றி, தனக்கு மெட்ராஸில் தனியாக இருக்க பயம் என்பதைப் பற்றி. பாண்டுரங்கன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனிடம் யாரும் இவ்வளவு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாளும் ஏழு நிமிஷம். அதற்கு மறுநாளும். பாசஞ்சர் வண்டி தினம் தினம் சீக்கிரம் வருகிறது என்றால் யாராவது நம்புவார்களா? அம்சா நம்பினாள். எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஏறுகிற எண்ணிக்கை அவளை நம்பவைத்தது. நமக்குப் பிடித்த பொய்யை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. பதினோரு நாள் அப்படி ஓடியது.

பன்னிரண்டாம் நாள் அவள் ஏறும்போதே கண்கள் மின்னின.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"கண்டமங்கலத்துக்காரங்களுக்கு வேணான்னு எழுதிடுன்னு. அண்ணி ஒரே ரகள. நீ பாஸ் பண்ணலன்னா அப்பால நாங்க எங்க சொல்றமோ அங்க கழுத்த நீட்டணும்னாங்க. செரின்னுட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "நேத்து தொண்ணூத்தினாலு போட்டேனே. எனக்கு இன்னா பயம்? எல்லாம் உங்களாலதான்..."

பாண்டுரங்கன் வாட்சைப் பார்த்தான். தொண்ணூற்றிநாலு இல்லை... நாற்பது நிமிஷத்தில் நிறுத்தியிருந்தால் எழுபத்தைந்தோ எழுபத்தெட்டோதான். அந்தப் பெண் இவன் வாட்சை நம்பித் தன் வாழ்க்கையைப் பந்தயம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் பதினேழே நாள். சொல்லாமல் இருந்துவிடலாம். சொன்னால் இவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மெட்ராஸ் ஹாலில் இருபது கணக்கு மீதியிருக்கும்போது யாரோ ஒருவன் தாளைப் பிடுங்குவான்.

"அம்சா."

முதல் தடவையாகப் பெயரைச் சொன்னான். அவள் வெட்கத்தோடு நிமிர்ந்தாள். பாவம், வேறு ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"அது நாப்பது நிமிஷம் இல்ல. நாப்பத்தேழு."

"எது?"

"பதினோரு நாளா நான் லேட்டாதான் சொன்னேன். நாப்பதுல நிறுத்தனா நீங்க பேரணியிலயே எறங்கிப் போயிடுவீங்க. அதனாலதான்... மயிலம் வரைக்கும் நீங்க இருக்கணும்னு."

அவள் முகத்திலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"உங்களுக்குப் பேச்சுத் தொணை வேணும்னு என் பொழப்புல கைவெச்சீங்களா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கேட்டிருக்கலாமே. மயிலம் வரைக்கும் இருங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இருந்திருப்பேனே."

கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் கிடைக்கும் என்று நினைக்கிற பழக்கம் அவனுக்கு விட்டுப்போய் வெகுநாள் ஆகியிருந்தது.

"அந்த வாட்ச்ச கழட்டிக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தான். விக்கிரவாண்டியில் அவள் இறங்கி லேடீஸ் பெட்டிக்கு நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அப்புறம் அந்தப் பெட்டியில் அவன் மட்டும். எதிர் பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டுத் தூங்கினார்கள். மணி பார்க்க இடதுகையைத் தூக்குவான், வெளுத்த ஒரு பட்டைதான் இருக்கும். பேரணியில் வண்டி நின்றதும் கதவோரம் போய் நிற்பான். முன்னால் லேடீஸ் பெட்டி ஜன்னலில் அவள் புடவைத் தலைப்பு தெரிகிற நாளும் உண்டு, தெரியாத நாளும் உண்டு. மண்டியில் இரண்டு தடவை எடை தப்பாகக் குறித்துத் திட்டு வாங்கினான். வீட்டுக்குப் போனால் பேச்சுச் சத்தமே இல்லாத அடுப்படி. முன்பும் அது அப்படித்தான் இருந்தது. முன்பு அவனுக்கு அது தெரியவில்லை.

லேடீஸ் பெட்டியில் அம்சா முதல் நாள் போட்டது எழுபத்தாறு. தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வெள்ளையம்மாள் பயந்துபோய், "இன்னாம்மா, வவுறு வலியா?" என்று கேட்டாள். அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும். வராத கணக்குக்குப் புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகக் கைக்குப் பழக்கினாள். நாற்பது நிமிஷம் என்றால் நாற்பது, ஒரு நொடி கூடாது. வாட்ச் முட்களோடு அவள் போட்டது பெரிய சண்டை.

பரீட்சை வந்தது, போனது. லீவில் போன டீச்சரும் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டார். அத்துடன் அம்சா விழுப்புரம் வருவது நின்றது. டிசம்பர் கடைசி, ஜனவரி, பொங்கல்... ஐந்து நாற்பது பாசஞ்சரில் பாண்டுரங்கன் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான். பாஸா, பெயிலா? யாரிடம் கேட்பது? திண்டிவனத்தில் அவள் தெருவழியாக ஒருநாள் நடந்தான். வாசலில் பந்தல் ஏதும் இல்லை. அந்தமட்டுக்கும் நிம்மதியாகத் திரும்பி வந்தான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. வண்டி நகரத் தொடங்கியிருந்தது. எதிர் பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பாண்டுரங்கன் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"எடம் காலிதானே?"

திரும்பினான். அம்சா. கொஞ்சம் இளைத்திருந்தாள். கையில் அவன் வாட்ச், அவளுக்குப் பெரிதாகி முழங்கைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூடத்துல நன்னடத்த சர்ட்டிபிகேட் வாங்க வந்தேன்" என்றாள். "வேலைக்கி கேக்கறாங்க."

"வேல..."

"ஆர்டர் வந்துடுச்சி. ஒண்ணாந்தேதி மெட்ராஸ்ல சேரணும். தொண்ணூத்தோரு கணக்கு போட்டேன்."

அவன் கண் கலங்கியது. மறைக்க முயன்றான், முடியவில்லை. "நல்லதுங்க. ரொம்ப நல்லது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் சொல்லாம இருந்திருந்தா..."

"பெயிலாயிருப்பேன். கண்டமங்கலத்துல இருந்திருப்பேன்."

"மன்னிப்பு கேக்கணும்னு தினம் நெனச்சேன். உங்க முன்னாடி வந்து நிக்க மொகம் இல்ல."

முண்டியம்பாக்கம் போனது. விக்கிரவாண்டி போனது. கணக்கும் இல்லை, அட்டையும் இல்லை... அந்த நாற்பது நிமிஷமும் அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வண்டி பேரணியில் நின்றது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று அவன் கால்களை ஒதுக்கி வழிவிட்டான். அவள் எழவில்லை. வண்டி கிளம்பியது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க" என்றாள் அம்சா. "அந்தப் பதினேழு நாளும் லேடீஸ் பொட்டியில கரெக்டா நாப்பது நிமிஷத்துல பென்சில கீழ வெச்சிடுவேன். பேரணி வந்துடும். அப்பால மயிலம் வர்ற வரைக்கும்... அந்த ஏழு நிமிஷத்தையும் அதுக்கு மேல வர்ற நேரத்தையும் இன்னா பண்றதுன்னே எனக்குத் தெரியல. உங்க மேல அவ்ளோ கோவம். கோவமா இருக்கும்போதே, இந்நேரம் எதிர்ல இருந்தா இதச் சொல்லலாம், அதச் சொல்லலாம்னு மனசு பேசிக்கினே இருக்கும். பரீட்சை முடிஞ்சப்பால வூட்லயும் அப்பிடித்தான். யாருகிட்டயும் பேசறதுக்கு ஒண்ணுமில்ல. உங்ககிட்ட பேசறதுக்குதான் அவ்ளோ இருக்குது."

பாண்டுரங்கன் அவளையே பார்த்தான். அவள் இமைகள் படபடத்தன. இந்தத் தடவை சொல்லாமல் விட்டால் அவனை மாதிரி முட்டாள் உலகத்திலேயே கிடையாது.

"எனக்கு உங்கள ரொம்ப புடிச்சிருக்குது அம்சா. மொத நாளே புடிச்சிடுச்சி. நான் மூட்ட எண்றவன். நீங்க ஆபீசராவப் போறீங்க. அதெல்லாம் தெரிஞ்சேதான் கேக்கறேன். மயிலம் வரைக்கும் இருங்க."

"மயிலம் வரைக்கும்தானா?"

மயிலம் வந்தது. லேடீஸ் பெட்டி முன்னால் நின்றது. அவள் ஜன்னலோரம் சாய்ந்து, ஏதும் தெரியாதவள் மாதிரி வெளியே வேப்பமரத்தைப் பார்த்தாள். கார்டு விசில் ஊதினார்.

"அம்சா, அடுத்தது திண்டிவனம். உங்க அண்ணன் நிப்பாரு."

"நிக்கட்டும்."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்னுதான் உக்காந்திருக்கறேன். நீங்க எறங்கும்போது பின்னாடி ஒளிஞ்சிக்கினு வராதீங்க. கூட வாங்க."

திண்டிவனத்தில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். சீனுவாசன் லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளையம்மாள் இறங்கினாள். தங்கையைக் காணோம். திரும்பினான். நான்காவது பெட்டியிலிருந்து அம்சா இறங்கி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மல்லாட்டைத் தூசி படிந்த சட்டையோடு ஒரு ஆள். வெள்ளையம்மாள் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லுவதையும் மறந்து நின்றாள்.

"அண்ணே, இவரு பாண்டுரங்கன்" என்றாள் அம்சா. "எனக்கு நேரம் பாத்தவரு. இவரத்தான் கட்டிக்கறதுன்னு இருக்கிறேன். உங்கிட்ட மறச்சிப் பண்ண எனக்கு இஷ்டமில்ல."

சீனுவாசன் அவனை மேலும் கீழும் பார்த்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். அம்மா போனதிலிருந்து அந்த முகத்தில் அவன் பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது.

"ஸ்டேஷன்ல நின்னுக்கினு பேசற பேச்சா இது?" என்றான் கடைசியில். பாண்டுரங்கன் பக்கம் திரும்பி, கடுகடுவென்றே சொன்னான். "வூட்டுக்கு வாங்க. சாப்புட்டுக்கினே பேசலாம்."